மாறிலி

காலை நான்கே முக்கால். காற்று இல்லை.
இப்போதே படித்துவிட வேண்டும்.
ஷொஹிதுல் படகின் எஞ்சினை அணைக்கிறான்.
கப்பலின் விலாவோடு ஒட்டி நிற்கிறோம்.
டார்ச் வெளிச்சத்தில் வெள்ளை எண்கள்
மூழ்கும், மூச்சு வாங்கும், மறுபடி மூழ்கும்.
மூக்கில் இரண்டு, நடுவில் இரண்டு, வாலில் இரண்டு.
தராசில் ஏறாததை நிறுக்க
ஒரே வழிதான் இருக்கிறது:
எவ்வளவு அமிழ்ந்திருக்கிறது என்று பார்ப்பது.

வாளியை இறக்கிக் கடலை முகக்கிறேன்.
கண்ணாடி மிதவை ஆயிரத்து இருபத்தெட்டில் நிற்கிறது.
உப்பு அதிகம் இங்கே.
எந்தக் கப்பலும் இந்த வளைகுடாவுக்குள் வந்தால்
ஒரு சுற்று இளைத்துத் தெரியும்.

கோர் குவைர்.
முதுகுப்பக்கம் மலை.
அதை வெடிவைத்து உடைத்து, சலித்து,
ஒரு துறையில் கல்லாக ஏற்றி அனுப்புகிறார்கள்.
அடுத்த துறையில்
மின்நிலையத்துக்குக் கரி இறங்குகிறது.
மலை வெளியே போகும். காடு உள்ளே வரும்.

"யார்டில் நாலு நாளுக்குத்தான் இருக்கு"
என்று நிலையத்திலிருந்து போன்.
காலையிலும் நாலு நாள், மாலையிலும் நாலு நாள்.
மூன்றாம் கிடங்கில் வெப்பம் ஐம்பத்தொன்று.
அவசரத்தில் இருப்பது அவர்கள் மட்டுமல்ல,
கரியும்தான்;
உலை வரைக்கும் காத்திருக்க அதற்குப் பொறுமையில்லை.

ஆறு நாள்.
ஜர்வலி கானும் இன்னும் முப்பது பேரும்
தார்ப்பாய் கட்டி, அவிழ்த்து, கட்டி,
ஆயிரத்து இருநூற்று அறுபத்தொரு நடை.
கடைசி நாள் கிரேன் வாய்க்கு எட்டாத மூலைகளை
வழித்தெடுக்க
குட்டி புல்டோசரோடு வியாகுலத்தைக்
கயிற்றில் இறக்கினார்கள்.
மேலிருந்து பார்த்தால்
மஞ்சள் வண்டி தெரிந்தது, ஆள் தெரியவில்லை.

காலியான கப்பலை மறுபடி படித்தேன்.
போர்னியோ ஆற்றுமுகத்தில் எழுதிய சரக்குச் சீட்டு:
நாற்பத்தெட்டாயிரத்து இருநூற்றுப் பதினாறு டன்.
என் கணக்கு:
நாற்பத்தேழாயிரத்துத் தொள்ளாயிரத்து மூன்று.

முந்நூற்றுப் பதின்மூன்று டன்னைக் காணோம்.
வாங்கியவர் கப்பல்காரரைப் பார்க்கிறார்,
கப்பல்காரர் விற்றவரைப் பார்க்கிறார்,
மூவரும் என் பேனாவைப் பார்க்கிறார்கள்.

முதன்மை அதிகாரி ரொகேலியோ
பேசாமல் ஒரு நோட்டை நகர்த்தினார்.
பதினாறு நாள் வழியெல்லாம்
கரியிலிருந்து வடிந்ததைக் கடலில் இறைத்த கணக்கு:
நூற்று எண்பத்தெட்டு டன்.
ஏற்றும்போது அங்கே மழையாம்.
டன்னுக்கு இத்தனை டாலர் என்று
மழையைச் சேர்த்தே விற்றிருக்கிறார்கள்,
மழையைச் சேர்த்தே வாங்கியிருக்கிறார்கள்.
மிச்சம் நூற்று இருபத்தைந்து.
அது மன்னிக்கப்படும் அளவுக்குள் வருகிறது.
எங்கள் தொழிலில் மன்னிப்பு அரை சதவீதம்.

கடைசிக் கட்டத்தில் ஒரு வரி உண்டு.
இரும்பின் எடை தெரியும், எண்ணெயின் எடை தெரியும்,
குடிநீர், அடிநீர், எல்லாம் தெரியும்.
அத்தனையும் கழித்தபின்
கப்பலில் ஏதோ ஒன்று மிஞ்சும்.
பெயின்ட் மேல் பெயின்ட், தொட்டிகளில் சேறு,
யாரோ விட்டுப்போன சைக்கிள், பாடாத ஒலிபெருக்கி,
இன்னும் என்னென்னவோ.
அதன் பெயர் மாறிலி.
பெயர்தான் அப்படி.
இந்தக் கப்பல் பிறந்தபோது அது தொண்ணூற்றைந்து டன்;
இன்று இருநூற்றுப் பதினான்கு.
விளக்கம் கேட்க அந்த வரிக்கு எதிரே கட்டமில்லை.
எழுதிக் கையெழுத்திட்டேன்.

வாசலில் வியாகுலம் நின்றிருந்தார்,
கண்ணைச் சுற்றி மட்டும் கழுவிய முகம்.
"கணக்கு ஒத்து வந்துச்சா சார்?"
"வந்துச்சு."
"அப்ப எங்களையும் ஒருதரம் நிறுங்க" என்று சிரித்து
லாரி போடும் தராசில் ஏறி நின்றார்.

அது இருபது இருபதாகத்தான் எண்ணும்.
ஐம்பத்தொன்றோ, அறுபத்தொன்பதோ,
அறுபது என்றது திரை.