பொலிகாளை

ரெஜைனாவுக்குப் போக முந்நூற்றுப் பத்து கிலோமீட்டர்,
வர முந்நூற்றுப் பத்து.
நடுவில் நரம்பில் மருந்து இறங்க நாற்பது நிமிடம்.
வழியில் இருப்பது ஒரே பெட்ரோல் பங்க்.
கழிப்பறைச் சாவியை மரக்கட்டையில் கட்டி வைத்திருப்பான்,
நான் வண்டியிலிருந்து இறங்கும் முன்பே
எடுத்து நீட்டுகிறான் அந்தப் பையன்.
விஷயம் டாக்டருக்கு அடுத்து அவனுக்குத்தான் தெரிந்தது.

பிறகு ஊருக்கே.
கூட்டுறவுக் கடையில் ரொட்டி எடுத்தால்
இரண்டு பேர் என் தள்ளுவண்டியைப் பிடிக்கிறார்கள்.
ஃப்ரீஸரில் பதினொரு பாத்திரம் மாக்கரோனி,
எல்லாவற்றின் மேலும் அதே சீஸ்,
அடியில் பிளாஸ்திரி ஒட்டி உரியவள் பெயர்.
பாத்திரத்தைத் திருப்பித் தராமல் போகிறவள் இல்லை நான்.
பதினொரு வீடு பாக்கி இருக்கிறது.

மார்ச்சில் கன்று போடும்.
வெளியே மைனஸ் இருபத்தாறு.
எலும்புக்குப் போய்விட்டது, இடுப்பில், விலாவில்,
இரவு ஒரு மணிக்கு மேல் அது விழிக்கும்,
அது விழித்தால் நானும்.
"ராத்திரிக்கு ஆள் போடலாமா?" என்றான் வெர்னன்.
எதற்கு?
சம்பளம் கேட்காமல் விழித்திருக்க
வீட்டிலேயே ஒருத்தி இருக்கிறாள்.

மாத்திரை ஒரு பையில், டார்ச் ஒரு பையில்.
நாற்பத்தேழாம் எண், தலையீற்று,
படுக்கிறது, எழுகிறது, படுக்கிறது.
நானும் வைக்கோல் கட்டில்
உட்கார்ந்து, எழுந்து, உட்கார்ந்து.
ஒப்பிடாதே என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.
நாலரைக்குக் குளம்பு தெரிந்தது.
இழுக்க எனக்குத் தெம்பில்லை,
கயிற்றைத் தூணில் சுற்றி
என் எடையைப் பின்னால் சாய்த்தேன்.
இருந்த எடை போதுமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை டாக்டர் ஒகாஃபோர் கணினித் திரையில் வந்தார்.
"ஸ்கேனில் நாம் பார்ப்பது..." என்றவர்
வாய் திறந்தபடி உறைந்துவிட்டார்.
வெர்னன் பெட்டியைப் பிடுங்கிச் செருகினான், கெட்ட வார்த்தை சொன்னான்.
ஆறு நிமிடம்
அந்தத் திறந்த வாயோடு தனியாக இருந்தேன்.
காலரில் மைக்கறை.
மெதுவாக வாருங்கள், அவசரமில்லை, என்றேன்.

வந்தார். சொன்னார்.
நான் கேட்டேன்: பொலிகாளை வாங்கட்டுமா,
வாடகைக்கு எடுக்கட்டுமா?
மார்ஃபின் பேசுகிறது என்று நினைத்திருப்பார்.
விளக்கினேன்: ஜூனில் விட்டால் மார்ச்சில் கன்று.
வாங்கினால் ஐந்து வருஷம் உழைக்கும்.
வாடகை என்றால் ஒரே பருவம்.
திரையில் அவர் அசையவில்லை,
இந்த முறை இணையம் சரியாகத்தான் இருந்தது.
"வாடகைக்கு எடுங்கள்" என்றார்.

ஏப்ரலில் ஏலம்.
முப்பத்தொன்றாம் எண், கறுப்பு, முதுகு மேஜை மாதிரி.
விற்கிறவன் லைல், போன வருஷ வறட்சியில்
வங்கி அவன் கழுத்தில் உட்கார்ந்திருக்கிறது.
வெர்னன் அட்டையை உயர்த்தினான்: நாலாயிரம்.
அவ்வளவுதான். கூடமே அடங்கிப்போனது.
கார்ல் அட்டையைத் தொடைக்கடியில் திணித்துக்கொண்டான்.
டோரீன் காப்பிக் கோப்பைக்குள் எதையோ தேடினாள்.
மாக்கரோனி கொடுத்த பதினொரு பேரும்
கையைக் கட்டிக்கொண்டு
எனக்குத் தானம் செய்துகொண்டிருந்தார்கள்,
லைலின் பணத்தில்.

நான் கை தூக்கினேன். ஐந்தாயிரம்.
"அம்மா, கடைசியாகக் கேட்டதே உங்கள் வீட்டுக்காரர்தான்."
தெரியும் என்றேன். ஆறு.
வெர்னன் என்னைப் பார்த்தான்.
ஏழு, என்றேன்.
பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள்,
அப்புறம்தான் கார்லின் அட்டை
தொடைக்கடியிலிருந்து வெளியே வந்தது.

எட்டாயிரத்து இருநூறுக்கு முடிந்தது.
திரும்பும் வழியெல்லாம் சரளைக்கல் ரோடு,
ஒவ்வொரு குழியும் இடுப்பில் வந்து கணக்குச் சொன்னது.
பின்னால் டிரெய்லரில் அது கால் மாற்றி நிற்கும்போது
வண்டி மொத்தமும் ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது.
அடுத்த செவ்வாய் டாக்டர் கேட்பார்.
இணையம் அறுந்தால் நல்லது.