இடைவெளியும் எழுத்தாகவே எண்ணப்படும்

ஏன் மருத்துவராக விரும்புகிறீர்கள்?
ஐயாயிரத்து முந்நூறு எழுத்துகளுக்குள் சொல்ல வேண்டும்.
இடைவெளியும் எழுத்தாகவே எண்ணப்படும் என்று
கீழே ஒரு குறிப்பு.

டுலூத்தில் பிப்ரவரி.
ஏரி உறைந்து, தாதுக் கப்பல்கள்
துறையிலேயே கட்டிக் கிடக்கின்றன.
அறைத்தோழி மாய் நூ
பல் மருத்துவக் கல்லூரிக்குப் போகப்போகிறவள்.
கைத்திறன் பழக
சோப்புக் கட்டியில் கடைவாய்ப்பல் செதுக்குகிறாள்.
வேர் உடைந்தவை குளியலறைக்கு வந்துவிடும்.
இந்தப் பருவம் முழுக்க
தோற்றுப்போன பற்களால்தான் கை கழுவுகிறேன்.

என்னிடம் ஓர் அட்டவணை இருக்கிறது.
மருத்துவமனைத் தொண்டு: இருநூற்றுப் பதினான்கு மணி.
மருத்துவர் பின்னால் நிழலாய் நடந்தது: அறுபத்தொன்று.
ஆய்வகத்தில் வரிக்குதிரை மீனுக்குத் தீனி போட்டதை
'ஆராய்ச்சி' என்ற கட்டத்தில் போடு என்றார்
ஆலோசகர் திருமதி ப்ரெக்கே,
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு.
கரிம வேதியியலில் வாங்கிய சி ப்ளஸ்ஸைக் கண்டதும்
"இதற்கு ஒரு கதை வேண்டும்" என்றார்.
கதை இல்லை.
பென்சீன் வளையத்தில் எலெக்ட்ரான்கள் எங்கே நிற்கின்றன என்று
அப்போது புரியவில்லை.
எங்கும் நிற்பதில்லை என்று பிறகு புரிந்தது.
அவ்வளவுதான்.

நான்காம் மாடி. செவ்வாய், வியாழன்.
தண்ணீர்க் குடுவை நிரப்புவேன்,
சூடுபெட்டியிலிருந்து போர்வை எடுத்துத் தருவேன்,
நாற்காலி தள்ளுவேன்.
மருந்து தொடக்கூடாது. ஊசி தொடக்கூடாது.
கூர்மையான எதையும் நோயாளியின் உடம்பருகே கொண்டுபோகக்கூடாது.
கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

நானூற்றுப் பதினேழில் டொய்வோ ஹக்கலா.
நாற்பது வருஷம் கப்பல் எந்திர அறையில் எண்ணெய் போட்டவர்.
என் பெயர்ப்பட்டையைக் கிட்டத்தில் இழுத்து வாசித்து
"சுரங்கப் பக்கத்துக் கிவெலாவா, பண்ணைக் கிவெலாவா?" என்பார்,
வாராவாரம், புதிதாக.

ஒரு வியாழன் கையை நீட்டினார்.
"நகம் வெட்டிவிடேன். போர்வையில் மாட்டுது."

செவிலியரிடம் சொல்கிறேன் என்றேன்.
சொன்னேன். அவருக்கு அன்றைக்கு ஆறு நோயாளிகள்.
"எழுதி வைக்கிறேன்" என்றார்.
திரும்பி வந்து சொன்னேன்:
எழுதி வைத்திருக்கிறார்கள்.
டொய்வோ தலையாட்டிவிட்டு
கைகளைப் போர்வைக்கு மேலேயே வைத்துக்கொண்டார்.
என் சட்டைப் பையில், சாவிக்கொத்தில்,
ஒரு நகவெட்டி இருந்தது.

செவ்வாயன்று கட்டில் காலி.
மெத்தையின் பிளாஸ்டிக் உறையைத் துடைத்துக்கொண்டிருந்தார் ஒருவர்.
அன்றும் மூன்று மணி நேரம் என்று பதிந்தேன்.

எழுதிப் பார்த்தேன்.
முதல் வரைவில் வெட்டிவிட்டேன்,
பத்து விரலும். அவர் சிரித்தார். அழகான பத்தி.
ப்ரெக்கே ஓரத்தில் நட்சத்திரம் போட்டுக் கொடுத்தார்.
அன்றிரவே அழித்தேன்.
இரண்டாம் வரைவில் வெட்டவில்லை.
ஆனால் கடைசியில்
'அதிலிருந்து நான் கற்றுக்கொண்டது' என்று
ஒரு வாக்கியம் கூப்பிடாமலே வந்து உட்கார்ந்தது.
"நல்லா இருக்கே" என்றாள் மாய் நூ,
கத்தியிலிருந்து சோப்புத் தூளை ஊதியபடி.
அதையும் அழித்தேன்.
அனுப்பியதில் டொய்வோ இல்லை.
ஐயாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு.
இரண்டு எழுத்து மிச்சம்.

அக்டோபரில் நேர்காணல்.
நீள மேசை, மூன்று பேர்,
யாரோ நிரப்பி வைத்த தண்ணீர்க் குடுவை.
"நீங்கள் தோற்ற ஒரு சந்தர்ப்பம்?"
கரிம வேதியியல் என்றேன்.
வளையத்தைப் பற்றித் தடுமாறாமல் பேசினேன்,
கையால் காற்றில் வரைந்துகூடக் காட்டினேன்.
மூவரும் குறித்துக்கொண்டார்கள்.
ஒருவர் சிரித்தார்.

திரும்பும் வழியில் தூக்குப்பாலம் மேலே போய்விட்டிருந்தது.
எனக்கு முன்னால் பதினோரு கார்கள்.
தாது ஏற்றிய கப்பல் ஒன்று
அவசரமே இல்லாமல் நகர்ந்துபோய் ஊதியது.
பாலம் அதையே திருப்பி ஊதியது.
எஞ்சினை அணைத்தேன்.
சாவிக்கொத்து
கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டிருந்தது.