உயிர்வாழ் சான்று

மேலூர்க் கிளையில் என் வேலை இது:
வருஷத்துக்கு ஒருமுறை
ஓய்வூதியக்காரர் உயிரோடு இருக்கிறாரா என்று பார்த்து
முத்திரை குத்துவது.
அதனால்தானோ என்னவோ
இந்தப் பக்கங்களை மற்றவர்போல் வாசிக்க முடியவில்லை.

முதல் தாள், பணம் கட்டி லண்டனிலிருந்து வரவழைத்த படம்.
ஒய்யணன். சிப்பாய். மதுரை ஜில்லா.
வயது பத்தொன்பது, யாரோ குத்துமதிப்பாய்ச் சொன்னது.
உயரம் ஐந்தடி நாலங்குலம்.
இடது தோளில் மச்சம், மிளகளவு.
(மிளகளவு என்பது நான் சேர்த்தது. அதில் அளவில்லை.)
சாதிக் கட்டத்தில் எழுதியதை அடித்து
வேறொன்று எழுதி, அதையும் அடித்திருக்கிறார்கள்.
தகப்பன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில்
மைத்துளி.

இரண்டாவது பர்மா.
ஐம்பத்து மூன்றாம் வருஷம், புரோம் ஆஸ்பத்திரி.
வாந்திபேதியில் அன்றைக்கு மட்டும் பதினோரு பேர்.
ஏழாவது பெயர் வையனா.
எழுதியவன் காதில் அப்படி விழுந்திருக்கிறது.
நான் ஒய்யணன் என்று படித்தேன்.
இரவெல்லாம் வேறு மாதிரி படித்துப் பார்த்தேன்.
அம்மாவிடம் சொல்லவில்லை.

மூன்றாவது நம் மதுரைக் கஜானாப் பேரேடு.
புரட்டினால் பல்லி முட்டை உதிர்கிறது.
ஐம்பத்தாறு ஏப்ரல் முதல்
ஒய்யணன், மாதம் நாலு ரூபாய், நேரில் பெற்றுக்கொண்டான்.
கீழே ஒரு கீறல்.
அடையாளம் பார்த்த குமாஸ்தா எழுதுகிறார்:
இடது தோளில் தீப்புண் தழும்பு.

மச்சம் இருந்த இடத்தில்.

ஒய்யணனுக்குத் தம்பி ஒருவன், சிலம்பன்.
அந்த ஏப்ரலுக்குப் பிறகு
எந்த வரியிலும் எந்த வழக்கிலும் அவன் இல்லை.
செத்ததாகவும் இல்லை.

ஒருவேளை வையனா வேறு ஆள்.
ஒருவேளை பர்மாவிலேயே சுட்டதுதான் அந்தத் தழும்பு.
இருக்கலாம்.
இருபத்தெட்டு வருஷம் கையெழுத்து ஒப்பிட்டவள் நான்,
இருக்கலாம் என்று சொல்லிக்கொண்டே
அந்த அடுப்பைப் பார்க்கிறேன்.
கதிர் அரிவாளின் முனை சிவக்கிறது.
சிலம்பன் வேட்டித் தலைப்பைக் கடித்துக்கொள்கிறான்.
அரிவாளைப் பிடித்திருப்பவள் மாயக்காள்,
ஒய்யணன் பெண்டாட்டி.
கை நடுங்கியதா என்று எழுத
எந்தப் பேரேட்டிலும் கட்டம் இல்லை.

அறுபதில் அவளுக்கு ஒரு பையன்.
ஒய்யணன் மகன் என்கிறது கிராமக் கணக்கு.
அவன் என் பூட்டன்.
அப்பனைப் பெற்றவன் பாட்டன்,
பாட்டனைப் பெற்றவன் பூட்டன்,
அதற்கும் மேலே ஓட்டன்.
ஓட்டன் எவன்?
கடல் தாண்டி ஓடியவனா,
அவன் பெயருக்குள் ஓடி ஒளிந்தவனா?

தாது வருஷப் பக்கங்களைக் கடைசியாய்ப் பார்த்தேன்.
பிணம் தூக்க ஆளில்லாத வருஷம்.
பன்னிரண்டு மாதமும் பன்னிரண்டு கீறல்.
மேலூரிலிருந்து பதினெட்டு மைல்
செத்தவன் நடந்து போய்
நாலு ரூபாய் வாங்கி வந்திருக்கிறான்.
வழியில் யாரும் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருந்தால்
எதற்குத் திரும்பியிருப்பான்?
அந்த வருஷம் பூட்டனுக்குப் பதினாறு வயது.
சாகவில்லை.

தங்கை மகன் அனுப்பிய வம்சப் படத்தில்
உச்சிக் கட்டம் காலி.
ஒய்யணன் என்று எழுதினேன். அடித்தேன்.
சிலம்பன் என்று எழுதி, அதையும் அடித்தேன்.

இன்று நவம்பர் ஒன்று. வரிசை வாசல் வரை.
சருகுவலையபட்டிக்காரர் பெருவிரலை வைக்கிறார்.
கல் உடைத்துத் தேய்ந்த ரேகை.
பொருந்தவில்லை என்கிறது திரை.
மறுபடியும், பொருந்தவில்லை.
"நாந்தாம்மா" என்கிறார்.
என் கண் அவர் இடது தோளுக்குப் போய்த் திரும்புகிறது.

"தெரியும்யா," என்றேன்,
"அடுத்த விரல வைங்க."