இருபத்து நான்காவது அட்டை

செவ்வாய்க்கிழமை, கடைசி இரண்டு பீரியட்.
குத்தாயிசியிலிருந்து மினிபஸ்ஸில் வந்த தெயோனா
ஷூவில் அப்பிய மாங்கனீசுச் சேற்றை
மிதியடியில் தேய்த்துக்கொண்டே கேட்டாள்:
"பையன்கள் எங்கே?"
"ஃபுட்பால்" என்றார் தலைமையாசிரியர்.
"இது பொண்ணுங்களுக்கான வகுப்புதானே."

சியாதுரா, மலையைக் குடைந்து பிழைக்கும் ஊர்.
எங்கள் ஆறு கறுப்பாகத்தான் ஓடும்.
அது அழுக்கென்று
யாராவது வெளியூரிலிருந்து வந்து
மூக்கைச் சுளித்தால்தான் எங்களுக்குத் தெரியும்.

மேஜைகளை ஒன்றாக இழுத்துப்போட்டு
மூன்று தாள் விரித்தாள்: பச்சை, மஞ்சள், சிவப்பு.
இருபத்து நான்கு அட்டைகள்.
ஒவ்வொன்றிலும் ஒரு வாக்கியம்,
யாரோ ஒருவன் தன் பெண்ணிடம் சொன்னது.
படியுங்கள், வையுங்கள்,
ஒத்துக்கொள்ளாவிட்டால் சண்டை போடுங்கள் என்றாள்.

போட்டோம்.
"நீ கோபப்படுத்தினே, அதான் கை நீண்டுடுச்சு":
சிவப்பு. யாருக்கும் சந்தேகமில்லை.
"அந்தப் பாவாடை வேண்டாமே"
மஞ்சளுக்கும் சிவப்புக்கும் நடுவில்
நாலு முறை போய்த் திரும்பியது.
நுட்சா அவள் அம்மாவைப் போலவே இடுப்பில் கை ஊன்றி
"கட்டினவன் சொல்லாம தெருவுல போறவனா சொல்வான்?"
என்று நடித்துக் காட்ட
பெஞ்ச் ஆடும்வரை சிரித்தோம்.
தெயோனாவும் சிரித்தாள்.
பிறகு அந்தச் சிரிப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல்
ஜன்னலைச் சாத்தப் போனாள்.

அடுத்த அட்டையை எடுத்தவள் நான்.
"இப்போ எங்கே இருக்கே? போட்டோ அனுப்பு."
பச்சை என்றேன். அக்கறை.
பச்சைதான் என்றார்கள் ஏழெட்டுப் பேர்.

வருஷம் முழுக்க வாய் திறக்காத கேசாரியா
கை நீட்டி அதைச் சிவப்பில் வைத்தாள்.
திரும்பப் பச்சைக்கு நகர்த்தினாள்.
திரும்பச் சிவப்பு.
"எத்தனை தடவை கேட்டா?" என்றாள், மேஜையிடம்.
"பாத்ரூம்ல இருந்தாலும் கேட்டா?
குழாய் தெரியணும்னு, தாழ்ப்பாள் தெரியணும்னு கேட்டா?"

கீழே மைதானத்தில் கோல் விழுந்து
ஒரே கூச்சல்.

தெயோனா யாரென்று கேட்கவில்லை.
கரும்பலகையில் ஒரு தொலைபேசி எண் எழுதினாள்,
கடைசி பெஞ்சுக்கும் தெரிகிற அளவில்.
அழிக்காமலே வகுப்பை முடித்தாள்.
அட்டைகளை எண்ணினாள்: இருபத்து மூன்று.
இன்னொரு முறை எண்ணவில்லை.

ரோப்காரில் நானும் கேசாரியாவும் மட்டும்.
ஆற்றின் நேர் மேலே வந்தபோது
அவள் ஃபோன் அதிர்ந்தது.
வழக்கம்போல கையை உயர்த்தி
என்னையும் சட்டகத்துக்குள் இழுத்தாள்.
"சிரி. நீ கூட இருந்தா நம்பிடுவான்."

திரையில் என் அண்ணன் பெயர்.

கேகா.
மழையில் தன் கோட்டை எனக்குப் போர்த்திவிட்டு
நனைந்து வருகிறவன்.
அவளிடம் முதல் சாக்லெட்டை
என் கையில்தான் கொடுத்தனுப்பினான்.
போன குளிர்காலத்திலிருந்து
எத்தனை படங்களில் சிரித்திருக்கிறேன்,
சாட்சியென்று தெரியாமல்.

என் முகத்தில் என்ன கண்டாளோ,
அவள் கை தானாகக் கீழே இறங்கியது.
மறு கரைவரை ஃபோன் அதிர்ந்துகொண்டே இருந்தது,
இரண்டு பேர் மடிக்கும் நடுவில்.
இறங்கும்போது பையிலிருந்து எடுத்து
என்னிடம் கொடுத்தாள்,
நாலாய் மடித்த அட்டையை.

வீட்டில் அவன் பீன்ஸ் சூப் ஊற்றிக்கொண்டிருந்தான்,
தலை ஈரமாக, ஜெயித்த முகத்தோடு.
"கேசாரியா ஏன் எடுக்கலை? உன்கூடத்தானே இருந்தா?
ஆமா, என்னதான் சொல்லிக்கொடுத்தாங்க உங்களுக்கு?"

பச்சைத் தாள் இல்லை, சிவப்பும் இல்லை.
மேஜையில் ரொட்டித்தூள்தான் இருந்தது.
துடைத்துவிட்டு அட்டையைப் பிரித்து வைத்தேன்.
இது என்ன நிறம், சொல்லு.

படித்தான்.
"பச்சை" என்றான்,
மதியம் நான் சொன்ன அதே வேகத்தில்.

நாற்காலியை இழுத்துப்போட்டு
எதிரே உட்கார்ந்தேன்.
சூப் ஆறட்டும்.