இடக்கை

"பல் துலக்குவதுபோல் காட்டுங்கள், ஒந்தீனா."
அவள் இடக்கை பாதிவரை எழும்பி
வழி கேட்க ஆளில்லாமல் நின்றது.
வலு குறையவில்லை என்றார் மருத்துவர்,
அவள் இறுக்கிய விரல்களை உதறிக்கொண்டே.

வீட்டில்
வலக்கை போடும் பொத்தானை
இடக்கை கழற்றுகிறது.
"யார் பெற்ற பிள்ளையடி நீ?"
அதன்மேல் ஒரு தட்டு தட்டுகிறாள்.
சாவியை நான் வாங்கிக்கொண்டேன்.
கரண்டியை இன்னும் இல்லை,
அதற்குச் சண்டைக்கு வருவாள்.

நேற்று திரியெஸ்தே துறைமுகத்தில்
போரா காற்று ஆளையே தள்ளியது.
தொப்பி பறக்கப் பார்த்த கணம்
அந்தக் கைதான்
யாரும் சொல்லாமல்
போய் அமுக்கிப் பிடித்தது.

"பார்த்தாயா, லிவியோ!"
பார்த்தேன்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.
இன்னொரு தடவை பிடி என்றேன்.