கிண்ணத்தில் மூன்றாவது வரி

பெயர் வெட்ட எழுத்துக்கு நாலணா.
புள்ளிக்குக் காசில்லை.
கோவிந்தப்ப நாயக்கன் தெருவில்
சூசைமிக்கேல் பாத்திரக் கடை வாசலில்
கல்யாணச் சீர்மேல் கிர்ரென்று கத்தும் என் ஊசி.

முதலாளிக்குத் திடீரென்று கால்பந்துப் பைத்தியம்.
மகன் கல்லூரி அணியில் பதினான்காவது ஆள் என்பது
பிறகுதான் தெரிந்தது.
"பசங்க ஆடட்டும், கிண்ணம் நம்முது" என்றார்.
சுவரொட்டியில் வெள்ளிக் கிண்ணம்.
எனக்குத் தெரியும், அது எவர்சில்வர்.
ஆறு படி பிடிக்கும்,
பாயச அண்டாவுக்குத் தம்பி முறை.
இரண்டு காது மட்டும் புதிதாகப் பற்றவைத்தது.

எண்பத்தொன்று. பெரம்பூர்ப் பக்கம் ஒரு மைதானம்.
டிக்கெட்டோடு ஒரு ஸ்பூன் இலவசம்,
கூட்டம் மதில்மேல் ஏறிக்கொண்டது.
வியாசர்பாடி எட்டியப்பன் இடது காலால் அடித்ததைக்
கோல்கீப்பர் இன்னும் தேடுகிறான் என்பார்கள்.
ராத்திரி கடையை மறுபடி திறந்து
ஜெயித்தவர்கள் பெயரை வெட்டினேன்:
கொருக்குப்பேட்டை கலைக் கல்லூரி, பதினைந்து எழுத்து.
முதுகுக்குப் பின்னால் பதினோரு பேர் மூச்சு,
சேறு, விசில், யாரோ என் தோளில் தாளம் போட
கல்லூரியில் ஒரு 'ல்' விழுந்துவிட்டது.
எவர்சில்வருக்கு ரப்பர் கிடையாது.
நாலணா குறைத்து வாங்கிக்கொண்டேன்.

மறு வருஷம் ஸ்பூன் நின்றது.
ஒரு சோடா கம்பெனி பணம் போட்டது,
கிண்ணத்துக்கு அதன் பெயர்.
அரையிறுதியில் சோடா பாட்டிலே பறந்தது.
இறுதி ஆட்டத்துக்கு நூற்றுப்பத்துப் பேர்,
அதில் நாற்பது போலீஸ்.
ஒரே ஒரு கோல்.
தன் வலைக்குள் தானே தட்டிவிட்டவன் சுகிர்தன்.

அவன் மட்டும் தனியாக வந்தான் மறுநாள்.
"கோல் போட்டது நான்தானே,
எம் பேரையும் வெட்டுவீங்களா?"
சிரிக்கவில்லை.
நானும் சிரிக்கவில்லை.
உள்ளே, அடியில், பொடி எழுத்தில் வெட்டினேன்.
கூலி வாங்கவில்லை.

மூன்றாம் வருஷம் சோடாவும் இல்லை.
'நட்புக் கிண்ணம்' என்று பெயர் வைத்தார்கள்.
காசு இல்லாதபோது வைக்கிற பெயர்.
டிசம்பர் மழை. பந்து மிதந்தது.
நடுவர் லூர்துராஜின் விசிலுக்குள் தண்ணீர்,
ஊதினார், குமிழிதான் வந்தது.
அறுபத்தோராவது நிமிடம், ஒன்றுக்கு ஒன்று, நிறுத்தம்.
மிச்ச ஆட்டம், தேதி பின்னர்.

அந்தத் தேதி வரவில்லை.
மகன் படிப்பை முடித்து பாங்கில் சேர்ந்தான்.
முதலாளிக்குக் கால்பந்து மறந்தே போனது.
கிண்ணம் யாரிடம் என்று யாரும் கேட்கவில்லை,
நான் உட்பட.

பிறகு ஒரு வெள்ள டிசம்பர்.
முழங்கால் தண்ணீர் தாண்டி
வியாசர்பாடிப் பள்ளிக்கூட முகாமில் வரிசையில் நிற்கிறேன்.
சாம்பார் சாதம், ஆவி.
பாத்திரத்துக்கு இரண்டு காது.
விளிம்பில் கை வைத்துப் பார்த்தேன்:
கலூரி.

மூன்று முறை வரிசையில் நின்றேன்.
பரிமாறிய பெண் முறைத்தாள்,
"தாத்தா, எத்தினி தபா?"
அடி தெரியவேண்டும், அவ்வளவுதான்.
மூன்றாம் முறை கரண்டி சுரண்டிய இடத்தில்
'சுகிர்' வரைக்கும் தெரிந்தது.
மிச்சத்தைப் பருப்பு மூடியிருந்தது.

வெளியே விளிம்பில்
இரண்டு வரிக்குக் கீழே வெறும் பளபளப்பு,
ஒரு சாண் இருக்கும்.
கூரைத் தகரத்தில் மழை.
இன்னும் ஒன்றுக்கு ஒன்று,
இருபத்தொன்பது நிமிடம் பாக்கி.