நாலு இலக்கம்

ஐந்து ரோட்டில், பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடியில்
எங்கள் செக்யூரிட்டி ஏஜென்சி.
சாதா ஆளுக்குப் பதினோராயிரம்,
எக்ஸ் மிலிட்டரி என்றால் பதினாலு.
அந்த மூவாயிரத்துக்கு நடுவில்
மேஜை போட்டு உட்கார்ந்திருப்பவன் நான்.

மகுடஞ்சாவடியிலிருந்து தேவண்ணன் வந்தான்.
மீசை சரியாக இருந்தது. பூட்ஸ் சரியாக இருந்தது.
சல்யூட்டில் உள்ளங்கை தரையைப் பார்த்தது.
அது கப்பல்காரன் சல்யூட்.
சட்டையில் மூன்று ரிப்பன்;
அதில் ஒன்று, அவன் அம்மா தாவணி போட்டிருந்த
வருஷத்துப் போருக்கானது.

டிஸ்சார்ஜ் புக்?
மழையில போச்சுங்க சார்.
பென்ஷன்?
கேஸ் நடக்குதுங்க.
எந்த ரெஜிமெண்ட்?
மெட்ராஸ், என்றான். எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள்.

கடைசிக்கென்று வைத்திருக்கும் கேள்வியைக் கேட்டேன்.
நம்பர் சொல்லு.

பெண்டாட்டி பேரை மறந்தவனைப் பார்த்திருக்கிறேன்,
பக்கவாதத்தில், பூனா ஆஸ்பத்திரியில்.
நம்பர் கேட்டால் கடகடவென்று வரும்.
அது தோலுக்கு அடியில் இருப்பது.

ஆயிரத்து நூத்தி நாப்பத்தேழு,
என்றான் தேவண்ணன். யோசிக்கவேயில்லை.

நாலு இலக்கத்தில் பட்டாளத்தில்
யாருக்கும் நம்பர் கிடையாது.
கோவேறு கழுதைக்கு இருக்கலாம்.
பேனாவை மூடினேன். அவனுக்குப் புரிந்துவிட்டது.
நாற்காலியின் நுனிக்கு வந்து
மீதியைத் தரையிடம் சொன்னான்:

தொண்ணூத்தி ரெண்டுங்க. காந்தி ஸ்டேடியம்.
மார்க்கர் பேனாவுல நெஞ்சுல எழுதுனாங்க.
ஓட்டத்துல ஒன்பதாவது ஆளா வந்தேன்.
டேப்பு வச்சாங்க. எழுபத்தேழு.
மூச்சை இழுடான்னாங்க. இழுத்தேன்.
எண்பத்தொண்ணு. இன்னொரு சென்டிமீட்டர் வேணுமாம்.
கண்ணு இருட்டுற வரைக்கும் இழுத்தேன் சார்.

ஊரில் முந்தின நாளே கிடா வெட்டி
மாலை போட்டு அனுப்பியிருந்தார்கள்.
திரும்பிப் போகவில்லை.
சங்ககிரியில் போர்வெல் லாரி ஒன்று
வடக்கே கிளம்பிக்கொண்டிருந்தது.
ஏறிக்கொண்டான், நெஞ்சில் மையோடு.
ஜெய்சல்மேர், பார்மேர், உதம்பூர்.
பதினோரு வருஷம்.
இடது சுண்டுவிரல் போனது
கைக்குண்டில் என்று ஊருக்கு,
ராடு இடுக்கில் என்று எனக்கு.

ஒரு கேம்புக்குள்ளயே போட்டமுங்க, எண்ணூறு அடி.
வெறும் புழுதியாத்தான் வந்துட்டிருந்துது. அப்புறம் தண்ணி.
ஜவானுங்க எல்லாம் துணியோட நனைஞ்சாங்க.
சுபேதார் ஒருத்தரு ரம்மு குடுத்தாரு.
நீ ஏன் பட்டாளத்துல சேரலைன்னு கேட்டாரு.

என்ன பதில் சொன்னான் என்று
நான் கேட்கவில்லை.

நான் ஜபல்பூரில் பதினேழு வருஷம்
கம்பளி எண்ணினேன். சாக்ஸ் எண்ணினேன்.
எல்லைக் கம்பியைக் காலண்டரில் பார்த்ததோடு சரி.
அம்மாபேட்டையில் எங்கள் தெருவில்
மேஜர் சார் என்கிறார்கள்.
ஹவில்தாராக வெளியே வந்தவன். திருத்தியதில்லை.
ஒரு கல்யாணப் பந்தியில் யாரோ என்னைக் காட்டி
கார்கில் என்று ஆரம்பித்தபோது
இலையில் பாயசம் ஓடுவதைப்
பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாதா, என்று எழுதினேன். பதினோராயிரம்.
ரிப்பனைப் பிரித்துவிடச் சொன்னேன்.
அங்கேயே, சட்டையைக் கழற்றி,
பல்லால் நூலைக் கடித்துப் பிரித்தான்.
வெளுக்காத பச்சை, மூன்று துண்டு.
பனியனுக்கு மேலே தெரிந்த நெஞ்சு
நன்றாகத்தான் விரிந்து சுருங்கியது.

போன வாரம் சூரமங்கலம் ஏடிஎம் வாசலில்
அவன்தான் டியூட்டி.
தட்டுவடை செட்டுத் தின்றுகொண்டிருந்த
இரண்டு காலேஜ் பையன்களிடம்
பனியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான்.
மூக்கு முடி உறைஞ்சு ஒடியும் தம்பி, என்றான்.
அது உண்மையா என்று எனக்குத் தெரியாது.

என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது.
கை எழுந்தது.
உள்ளங்கை இந்தத் தடவை என்னைப் பார்த்தது.
யார் சொல்லிக்கொடுத்தார்களோ.
மேஜர் சாருங்க, என்றான் பையன்களிடம்.

உள்ளே போய்ப் பணம் எடுத்தேன். எண்ணினேன்.
கண்ணாடிக்கு வெளியே
மூன்று பேரும் நின்றுகொண்டிருந்தார்கள்.
மறுபடியும் எண்ணினேன்.